குஞ்சோடு நிற்கும் விராலுக்குத் தூண்டில் ஆகாது

பங்குனி வெயில் ஏறி, கண்மாய் நீர் முழங்கால் அளவுக்கு வற்றிவிட்டால் விராலிமலை வட்டாரத்துக் கிராமங்களில் மீன்பிடித் திருவிழாவுக்கு நாள் குறித்து விடுவார்கள். விடியற்காலையிலேயே சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகக் கரையில் வந்து கூடுவார்கள். ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதுதான் தாமதம். ஊத்தா, கச்சா, தூரி, வலை, எதுவும் இல்லாதவர்கள் பழைய சேலை என்று கையில் உள்ளதோடு எல்லோரும் ஒரே மூச்சில் இறங்குவார்கள். இரண்டு மணி நேரத்தில் விரால், கெளுத்தி, குரவை, கெண்டை, சிலேபி என்று பைகள் நிரம்பிவிடும். அன்று ஊர் முழுவதும் மீன் குழம்பு மணக்கும். இப்படி ஒற்றுமையாக மீன் பிடித்து உண்டால் அடுத்த பருவத்தில் நல்ல மழை பெய்து கண்மாய் பெருகும் என்பது நம்பிக்கை.

நம்பிக்கையைக் குறை சொல்வதற்கில்லை. நிலமில்லாத குடும்பமும் ஒரு நாள் காசு கொடுக்காமல் விரால் குழம்பு உண்கிற விழா அது. ஆனால் கரையேறும்போது ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கண்மாயில் கடைசி விராலையும் பிடித்தாகிவிட்டது. வருகிற ஐப்பசியில் புது நீர் வரும்போது குஞ்சு பொரிக்கத் தாய் மீன் எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்வியை இப்போது எழுப்ப ஒரு காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டின் நகரங்களில் தூண்டில் போடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட இளைஞர் கூட்டம் பெருகி வருகிறது. நாணல் குச்சியும் மண்புழுவும் அவர்களுக்குப் போதாது. ஃபைபர் கம்பு, ரீல், விலை உயர்ந்த தங்கூஸ், ரப்பரில் செய்த பொய்த் தவளை ஆகியவற்றோடு ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் இருக்கும் நீர்நிலையைத் தேடிப் போகிறார்கள். திருச்சிக்கு விராலிமலை ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தொலைவு. இவர்களில் பலர் மீனை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. பிடித்து, படம் எடுத்து, திரும்ப நீரில் விட்டுவிடுகிறார்கள். இதைக் கேட்டால் கண்மாய்க் கரையில் இருக்கும் பெரியவர்களுக்குச் சிரிப்பு வரும். பிடித்த மீனை விடுவதற்கு ஒருவன் பெட்ரோல் செலவழித்து வருவானா?

வெளிநாடுகளில் இது பெரிய தொழில். அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஆறுகளில் ஸ்டீல்ஹெட் என்றொரு மீன் குளிர்காலத்தில் கடலிலிருந்து ஏறி வரும். அந்நாட்டு ஏரிகளிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் பாஸ் என்ற மீன் உண்டு. இவற்றைத் தூண்டிலில் பிடிக்க ஆசைப்படும் வெளியூர்க்காரரைக் கயாக் எனப்படும் ஒடுக்கமான துடுப்புப் படகில் அழைத்துச் செல்வதற்கென்றே வழிகாட்டிகள் இருக்கிறார்கள். எந்த மடுவில் மீன் படுத்திருக்கும், எந்தக் காற்றுக்கு இரை எடுக்கும் என்ற அறிவுதான் அவர்களுடைய முதலீடு. நாட்கூலி மீனின் எடைக்கு அன்று, அந்த அறிவுக்கு. ஆற்றிலே பிறந்து வளர்ந்த ஸ்டீல்ஹெட்டைப் பல ஆறுகளில் விட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். பாஸ் மீன் போட்டிகளில் பிடித்த மீனைக் கொல்லாதே என்ற வழக்கத்தை 1972-ல் புகுத்தியவர் ரே ஸ்காட் என்பவர். மீன் மேல் கொண்ட இரக்கத்தோடு கணக்கும் அதிலே கலந்திருந்தது. உயிரோடு இருக்கும் மீனை மறுபடியும் பிடிக்கலாம்.

ஸ்டீல்ஹெட் தமிழ்நாட்டுக்கு முற்றிலும் அந்நியமான மீன் அன்று. நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-ல் எச். சி. வில்சன் முயற்சியால் குஞ்சு பொரிப்பகம் அமைத்து வளர்க்கப்பட்ட வானவில் ட்ரவுட் மீனும் அதே இனம்தான். ஆற்றிலேயே தங்குவது ட்ரவுட். கடலுக்குப் போய்ப் பருத்துத் திரும்புவது ஸ்டீல்ஹெட். ஆனால் அதற்கு மலைக் குளிர் நீர் வேண்டும். விராலிமலையில் அந்தக் குளிரும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. கோரையாறு மழைக்காலத்தில் ஓடித் திருச்சிப் பக்கம் போய்விடும். மற்ற மாதங்களில் மணல்தான். இங்கே உள்ளவை கண்மாய்களும் குளங்களும். புதுக்கோட்டை மாவட்டத்தில் அவை 5,000-க்கும் மேல். அவற்றில் உள்ள மீன் விரால்.

(விராலிமலை என்ற பெயர் மீனால் வந்ததன்று, மலையில் மண்டிக் கிடந்த விராலிச் செடியால் வந்தது என்பர். பெயர்ப் பொருத்தம் பார்த்து மகிழ்பவர்கள் மகிழலாம்.)

தூண்டில்காரருக்கு விரால் ஒன்றும் மட்டமான மீன் அன்று. பாசியின் மேல் தத்திப் போகும் தவளையை அது பாய்ந்து கவ்வும் வேகத்தைக் கண்டவர்கள் பிறகு கெண்டைக்குத் தக்கை போட்டு உட்கார மாட்டார்கள். தெலுங்கானா அரசு தன் மாநில மீனாக விராலைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது. செவுளோடு, காற்றைச் சுவாசிக்கும் உறுப்பும் இருப்பதால் நீரை விட்டு எடுத்த சிறிது நேரத்தில் அது சாவதில்லை. பிடித்து விடுவதைத் தாங்கக்கூடிய மீன் என்று பார்த்தால், ட்ரவுட்டைக் காட்டிலும் விரால் பல மடங்கு உறுதியானது.

ஆகவே தை, மாசி மாதங்களில் கண்மாயில் நீர் இருக்கும்போது தூண்டில் விருந்தாளியை அழைத்துச் சென்று ஊர் இளைஞர் நாலு காசு சம்பாதிக்க முடியுமா என்று கேட்டால், முடியும். ஆனால் எப்படி நடத்தினால் கண்மாய் பிழைக்கும், எப்படி நடத்தினால் கெடும் என்பதற்குக் காவிரியில் ஏற்கெனவே ஒரு பாடம் இருக்கிறது. அதைப் படிக்காமல் இதில் இறங்கக் கூடாது.

காவிரியின் மஹசீர் உலகப் புகழ் பெற்ற தூண்டில் மீன். 1946-ல் வேன் இங்கென் என்பவர் கபினி ஆற்றில் 120 ராத்தல், அதாவது சுமார் 54 கிலோ எடையுள்ள மஹசீரைத் தூண்டிலில் பிடித்தார். பின்னர் ஆற்று மடுக்களில் தோட்டா வெடித்து மீன் அள்ளும் கொடுமை பரவி மீன் அருகிப் போயிற்று. 1970-களில் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. அதன்பின் கர்நாடக அரசு நிறுவனமே பீமேஸ்வரி, தொட்டமக்களி, காலிபோர் ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்கள் நடத்தியது. சீமையிலிருந்து வந்த விருந்தாளிகளைப் பரிசலில் ஏற்றிச் சென்றவர்கள் ஆற்றங்கரைக் கிராமத்தார். முன்பு தோட்டா போட்டு மீன் பிடித்தவர்களே அவர்களில் சிலர். செத்த மீன் ஒருநாள் காசு, உயிருள்ள மீன் மாதச் சம்பளம் என்ற கணக்கை அவர்களுக்கு யாரும் போதிக்க வேண்டியிருக்கவில்லை. பிடித்த மீனை எடை போட்டு, குறிப்பேட்டில் எழுதி, விட்டுவிடுவது முறை.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மஹசீர் குறைகிறதே என்ற நல்லெண்ணத்தில் மகாராஷ்டிர மாநிலத்து லோனாவாலாவில் பொரித்த வேறொரு வகை மஹசீர்க் குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். வந்த மீன் பெருகிற்று. காவிரிக்கே உரிய திமில் மஹசீர் மறையத் தொடங்கிற்று. இது எப்படித் தெரிந்தது என்பதுதான் வேடிக்கை. காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த தூண்டில் குறிப்புகளை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் கூட்டிப் பார்த்தார்கள். மஹசீரின் மொத்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. திமில் மீனின் இளங்குஞ்சுகளோ தூண்டிலில் வருவது ஏறக்குறைய நின்றே போயிருக்கிறது. அந்த மீனுக்கு முறையான அறிவியல் பெயர் உறுதியானதே 2018-ல்தான். அதே ஆண்டில் அது மிகக் கடுமையான அழிவு அபாயத்தில் உள்ள இனம் என்று அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மோயாற்றில் அது இன்னும் எஞ்சியிருக்கிறது. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டையே என்ற சட்ட விளக்கத்தால், முகாம்களின் தூண்டில் பணி 2012 வாக்கில் நின்றுபோனது.

இந்தப் பாடத்தை விராலிமலைக் கண்மாய்க்குப் பொருத்திப் பார்க்கலாம். வெளியிலிருந்து மீனைக் கொண்டுவந்து விட்டால் என்னவாகும் என்பது இங்கு ஏற்கெனவே தெரியும். இலங்கையிலிருந்து 1952-ல் மண்டபத்துக்கு வந்த சிலேபி இன்று எந்தக் குட்டையில் இல்லை? அதைவிடக் கொடியது ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கக் கூடாது என்று அரசு தடை விதித்தும் இரகசியமாக வளர்த்து விற்கிறார்கள். ஒரு வெள்ளத்தில் பண்ணைக் குட்டையின் கரை உடைந்தால் அது கண்மாய்க்கு வந்துவிடும். வந்தால் விரால் குஞ்சு, தவளை, நத்தை என்று எதையும் விட்டு வைக்காது. தூண்டில் விருந்தாளிகள் பெருகினால், பெரிய மீனாக விடலாமே என்று யாராவது ஒருவர் டிரம்மில் அதைக் கொண்டு வருவார். அதற்கு ஊர் முன்கூட்டியே தடை போட்டுவிட வேண்டும்.

இனி விராலின் குணத்துக்கு வருவோம். இத்தொழிலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்க்குப் புது நீர் வந்ததும் ஆணும் பெண்ணும் இணை சேர்ந்து, கரையோரப் புல்லையும் பாசியையும் விலக்கி வட்டமாக ஓர் இடம் செய்யும். முட்டைகள் எண்ணெய்த் துளிபோல் மிதக்கும். ஒன்றிரண்டு நாளில் குஞ்சு பொரித்துவிடும். சில நாட்களில் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பந்துபோலத் திரண்டு, மூச்செடுக்க மேலே வந்து வந்து போகும். தூரத்திலிருந்து பார்த்தால் மழைத்துளி விழுவது போல நீர் சலசலக்கும். அந்தப் பந்துக்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். குஞ்சு கறுத்து, தானே இரை தேடும் பருவம் வரை சில வாரங்களுக்கு இந்தக் காவல் நீடிக்கும். நெருங்கும் எதையும், பசி இல்லாவிட்டாலும் பாய்ந்து கடித்து விரட்டும்.

அதனால்தான் அந்நாட்களில் விராலைப் பிடிப்பது மிக எளிது. குஞ்சுப் பந்தின் நடுவே பொய்த் தவளையை எறிந்தால் போதும், முதல் வீச்சிலேயே பெரிய விரால் மாட்டும். புதிதாகக் கம்பு வாங்கியவனுக்கும் இரண்டு கிலோ விராலோடு படம் கிடைத்துவிடும். பிடித்தவன் அதை விட்டுவிடுகிறான் என்றே வைத்துக்கொள்வோம். மீன் கரையில் கிடந்த அந்தச் சில நிமிடங்களில் சிலேபியும் கெளுத்தியும் குஞ்சுப் பந்துக்குள் புகுந்துவிடும். பெற்றதைத் தின்னக் கொடுத்துவிட்டுத் தாயை மட்டும் உயிரோடு விட்டு என்ன பயன்? அமெரிக்கப் பாஸ் மீனுக்கும் இதே குணம்தான். அங்கே ஆண் மீன் கூட்டைக் காக்கும். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தின் பல பகுதிகளில் அது முட்டையிட்டுக் காவல் நிற்கும் பருவத்தில் அதற்குத் தூண்டில் போடவே அனுமதி கிடையாது. தூண்டிலைக் கொண்டாடுகிற நாடே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. விராலிமலையில் தூண்டில் தொழில் வருமானால், கண்மாய் நிறையும் ஐப்பசி முதல் மார்கழி கடைசி வரை ஒருவரும் விராலுக்குத் தூண்டில் போடக் கூடாது. தை பிறந்த பிறகும் குஞ்சுப் பந்தைக் கண்டால் வழிகாட்டி விருந்தாளியை வேறு பக்கம் கூட்டிப் போக வேண்டும். இதைச் செய்ய முடியாத ஊர் இத்தொழிலில் இறங்காமல் இருப்பதே நல்லது.

கண்மாய் யாருடையது என்பது அடுத்த சங்கடம். 40 எக்டருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை, பெரியவை நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. மீன்பாசி ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு வளர்க்கிறார். அவருக்கு விரால் ஒரு திருடன். விட்ட குஞ்சைத் தின்கிறது. அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. ஆனால் விரலளவுகூட வளராத குஞ்சை வாங்கி விட்டுவிட்டு விராலை நோவது சரியன்று. பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த குஞ்சாக விட்டால் சேதம் பெருமளவு குறையும். ஆறேழு மாதமே நீர் நிற்கும் கண்மாய்க்கு அதுதான் எப்படியும் ஏற்றது. தூண்டில் போட வருபவரிடம் வசூலாகும் தொகையில் ஏலதாரருக்கும் ஒரு பங்கு என்று ஏல நிபந்தனையிலேயே எழுதிவிட்டால் அவரும் விராலைக் கொல்ல மாட்டார்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, வற்றாத ஒரு பள்ளம். புதுக்கோட்டைச் சீமையின் பழங் கண்மாய்களில் குமிழித் தூம்பு இருக்கும் உள்வாய்ப் பகுதியே ஆழமானது. அங்கே நீர் கடைசி வரை நின்றது. மீன் ஒதுங்கிப் பிழைத்தது. இன்று வண்டல் மேவி அதுவும் மேடாகிவிட்டது. வண்டல் மண் எடுக்க அனுமதி பெறும் உழவர்கள் கண்ட இடத்தில் குழி பறிக்காமல், கரையின் அடியை விட்டுத் தள்ளி ஒரே இடத்தில் ஆழமாக எடுத்தால் வயலுக்கு வண்டலும் ஆயிற்று, மீனுக்குப் பள்ளமும் ஆயிற்று. கருவேல முள்ளை வெட்டி அதில் போட்டு வைத்தால் வலை இழுக்க முடியாது. திருவிழா நாளில் கண்மாய் முழுவதும் இறங்கட்டும், அந்தப் பள்ளத்தில் மட்டும் ஊத்தா விழக் கூடாது. வங்கதேசத்தில் பைக்கா பில் என்னும் நீர்நிலையை 2003 முதல் இப்படி மீன்களின் புகலிடமாக ஒதுக்கி, அப்பகுதி மக்களே காவல் காக்கிறார்கள். சாமி பெயரால் ஒரு மரத்தை வெட்டாமல் காக்கத் தெரிந்த ஊர்களுக்கு ஒரு பள்ளத்தைக் காப்பது கடினமன்று.

கயாக் வாங்கலாமா என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. மார்பளவு நீர் நிற்கும் கண்மாய்க்கு அத்தனை செலவு தேவையில்லை. கரையிலிருந்தே பாதி விரால் கிடைக்கும். மீதிக்கு ஒரு பரிசல் போதும். லாரி டியூபையும் தெர்மாகோல் அட்டையையும் கட்டி மிதக்கும் வழக்கம் விருந்தாளிக்கு வேண்டாம். மண் வெட்டிய குழிகளில் ஆள் மூழ்குவது இம்மாவட்டத்துக்குப் புதிய செய்தியன்று. தாமரைக்கொடி காலைச் சுற்றினால் நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கடினம். மிதவைச் சட்டை இல்லாமல் எவரையும் பரிசலில் ஏற்றலாகாது. இன்னொன்று, அறுந்த தங்கூஸைக் கரையில் வீசிப் போகக் கூடாது. தண்ணீருக்கு வரும் விராலிமலை மயில்களின் காலில் அது சுற்றிக்கொண்டால் கால் அழுகிப் போகும்.

உண்ணாத மீனை எதற்காகக் குத்திக் காயப்படுத்த வேண்டும் என்று கேட்கும் உழவர்களும் உண்டு. நேர்மையான கேள்வி. அதற்கு முழுச் சமாதானம் சொல்ல முடியாது. கொக்கியின் எதிர்முள்ளைத் தட்டி மழுக்கிவிட்டால் காயம் குறையும். உயிருள்ள தவளையை மாட்டினால் விரால் விழுங்கித் தொண்டையில் குத்திக்கொள்ளும். பொய்த் தவளை என்றால் பெரும்பாலும் உதட்டோடு நிற்கும். ஈரக்கையால் பிடிக்க வேண்டும். வருகிறவர் குழம்புக்கு ஆசைப்பட்டால் அரைக் கிலோ மீன் ஒன்றை எடுத்துப் போகட்டும். பெரியதை விட வேண்டும், ஏனென்றால் முட்டை அதனிடம்தான் மிகுதி. நம் வழக்கமோ இதற்கு நேர்மாறு.

உண்மையான அபாயம் மீனுக்கு மட்டுமன்று. கண்மாயில் காசு புழங்கத் தொடங்கினால், ஊத்தாவோடு வரும் ஏழைப் பெண்ணைக் கரையோடு நிறுத்திவிடும் எண்ணம் யாருக்காவது வரும். மீன்பிடித் திருவிழாவை நிறுத்திவிட்டுத் தூண்டில் கட்டணம் வசூலிப்பது என்று ஒரு யோசனை எழுமானால், அதை ஊர்க் கூட்டத்திலேயே தள்ளிவிட வேண்டும். தூண்டிலுக்குத் தை, மாசி போதும். பங்குனிக்குப் பிறகு கண்மாய் ஊருக்கு உரியது. சித்தன்னவாசல் குகை விதானத்தில் வரைந்திருக்கும் தாமரைக் குளத்திலும் மீன்களோடு யானையும் எருமையும் பூப்பறிக்கும் மனிதரும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள்.

தொடங்க விரும்பும் ஊர் இந்த ஆண்டு ஒரே ஒரு கண்மாயில் தொடங்கலாம். விராலின் போக்கு அறிந்த நான்கு பேரை, அவர்களில் ஊத்தா போடுவதில் கைதேர்ந்த ஒரு முதியவரையும் சேர்த்து, வழிகாட்டிகளாக வைத்துக்கொள்ளலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பிடித்த ஒவ்வொரு விராலின் நீளம், நாள், இடம், விட்டதா எடுத்ததா என்பதை எழுதி வரட்டும். சிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வந்தால் அதையும் எழுதட்டும். அவற்றை மட்டும் திரும்ப விடக் கூடாது. மூன்று மழைக்காலம் கழித்து அந்த நோட்டை ஊர்க் கூட்டத்தில் வைத்துப் புரட்டிப் பார்த்தால், ஒரு சாண் விரால்கள் அதில் இருக்கின்றனவா இல்லையா என்பது தெரிந்துவிடும்.